ரிஜெக்ட் இல்லாத முப்பத்தாறு

கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட், புஷ், இந்த மாதிரி ஐட்டங்கள். மெஷின் ஓட்டுவது பசங்கள். மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு இது போகும், இது போகாது என்று தட்டு மாற்றிப் போடுவது என் வேலை. ரெண்டு பாயிண்ட் கூடினாலும் ரிஜெக்ட் தட்டுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பறவை. சிங்காநல்லூர் குளம், இல்லாவிட்டால் சூலூர் குளம். கையில் நிக்கான் டி500 டிஜிட்டல் கேமரா, அதில் 200-500 லென்ஸ். செகண்டுக்கு 10 படம் எடுக்கும். ஒரு கூழைக்கடா தண்ணீரை விட்டு எழும்பி எதிர்க்கரையில் போய் உட்காருவதற்குள் கார்டில் நூற்றுக்கணக்கில் ஏறியிருக்கும். காலையில் இரண்டு மணி நேரம் எடுத்ததைக் கம்ப்யூட்டரில் போட்டு ராத்திரி பதினொன்று வரைக்கும் கழித்துக்கொண்டிருப்பேன். கண்ணில் ஃபோகஸ் இல்லை, போ. இறக்கை நுனி வெட்டுப்பட்டுவிட்டது, போ. ஒரே மாதிரி பன்னிரண்டு இருக்கும்; ஒவ்வொன்றையும் பெரிதாக்கி எது கூர்மை என்று பார்த்து, பதினொன்று போ. மிஞ்சுகிற நாலைந்தை வாட்ஸப் குழுவில் போடுவேன். "பட்டறையிலயும் இதுதான், வீட்டுக்கு வந்தும் இதேதானுங்களா?" என்று மனைவி ஒரு தடவை கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. கேள்வி மட்டும் ஒட்டிக்கொண்டது.

எஃப்எம்2 என்கிற பழைய ஃபிலிம் கேமரா என்னிடம் வந்த கதை வேறு. காந்திபுரம் பக்கம் ஒரு சந்தில் பல வருஷமாக ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு அண்ணன், ட்ரைபாட் தலைக்கு ஒரு பித்தளை புஷ் கடைந்து தரச் சொல்லி வந்தார். எழுபதை ஒட்டிய வயது. ஸ்டுடியோவில் இப்போது ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஃபிளெக்ஸ் டிசைன், மகன் பார்த்துக்கொள்கிறார். புஷ்ஷைப் போட்டுப் பார்த்துத் திருப்தியாகி, காசு கொடுக்கப் பையில் கைவிட்டவர் கேமராவை வெளியே எடுத்தார்.

"நீங்க மெஷின்காரர். உங்களுக்குப் பிடிக்கும். ஒரு தடவை இழுத்துப் பாருங்க."

லீவரை இழுத்தேன். பல் சக்கரம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு போவது கட்டைவிரலில் தெரிந்தது. ஷட்டரைத் தட்டினால் இரும்புச் சத்தம். அந்த வாரமே அவர் சொன்ன விலைக்கு வாங்கிவிட்டேன். பேரம் பேசவில்லை என்பதைக் கேட்டு மனைவிக்கு ஆச்சரியம்.

அந்த கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். நிக்கான் 1982-ல் கொண்டுவந்தது. 2001 வரை செய்தார்கள். பேட்டரி வெளிச்சம் அளக்கிற மீட்டருக்கு மட்டும்தான். பேட்டரியைக் கழற்றி எறிந்தாலும் 1 செகண்டிலிருந்து 1/4000 வரை எல்லா ஸ்பீடும் வேலை செய்யும். எல்லாம் ஸ்பிரிங், கியர், நெம்புகோல். ஆரம்பத்தில் வந்த மாடல்களில் ஷட்டர் இதழ்கள் டைட்டேனியம். எடையைக் குறைக்கத் தேன்கூடு மாதிரி பதித்திருப்பார்கள். என்னுடையது அந்த ரகம். பின்கதவைத் திறந்து அதைப் பார்த்துக்கொண்டே டீயை ஆற விட்டிருக்கிறேன். 1/4000-ல் இரண்டு திரைக்கும் நடுவே ஓடுகிற இடைவெளியைக் கணக்குப் போட்டால் 2 மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் வருகிறது. கம்ப்யூட்டர் துணையில்லாமல் ஸ்பிரிங்கை மட்டும் நம்பி அந்த இடைவெளியைக் கடைசிவரை ஒரே அளவாக ஓட்டுவதென்றால் என்ன வேலை என்று லேத்தில் நின்றவனுக்குத் தெரியும். அந்த பாகங்களை அளந்து பிரித்த ஆள் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

என் பெரிய லென்ஸ் இதில் மாட்டும். நிக்கான் 1959-லிருந்து அதே மவுண்டைத்தான் வைத்திருந்தது. ஆனால் அந்த லென்ஸின் அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழைகிற துளை, மின்சாரத்தில் இயங்குவது. எஃப்எம்2-வால் அதை அசைக்க முடியாது. ஆக, பறவை போச்சு. அண்ணன் கூடவே தந்த 50 எம்எம் லென்ஸ்தான் கதி. அதில் கூழைக்கடாவை எடுத்தால் கடுகு அளவுக்குத் தெரியும்.

அப்படித்தான் என் கண்ணெதிரே இருந்தவர்களை எடுக்க ஆரம்பித்தேன். முதல் ரோல் எச்பி5 என்கிற கருப்பு வெள்ளை ஃபிலிம். பட்டறையில் மூத்த டர்னர் என் அப்பா காலத்திலிருந்து இருப்பவர். இத்தனை வருஷத்தில் அவரை ஒரு படம் எடுத்ததில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஆயுதபூஜைக்குப் போனில் எடுத்த கும்பல் படங்களில் எங்காவது ஓரமாக நிற்பார், அவ்வளவுதான். வேலைக்கு நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தவரை எடுத்தேன். உடனே கையை நீட்டினார்.

"காட்டுங்க, பார்க்கலாம்."

"இதுல தெரியாதுங்கண்ணா. கழுவி எடுத்தாத்தான்."

கேமராவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். கருப்பு ரெக்ஸின், ஒரு அட்டை செருகுகிற சட்டம், அவ்வளவுதான். "ஓ, இது அந்தக் காலத்து ஐட்டமா" என்றவர், போட்டிருந்த பனியன் கரையைத் தட்டிவிட்டு, "அப்ப இன்னொன்னு நல்லா எடுத்துக்கங்க" என்று நிமிர்ந்து நின்றார். டிஜிட்டலில் எடுத்துக் காட்டினால் ஆட்கள் படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். இதில் காட்ட ஒன்றும் இல்லாததால் ஒரு கடன் நிற்கிறது. அடுத்த வாரம் டீக்கடைக்காரர் கேட்பார், வந்துச்சுங்களா என்று. அந்தப் பக்கம் ஷேப்பிங் மெஷின் வைத்திருப்பவரும் கேட்பார். பிரிண்டைக் கொண்டுபோய்க் கையில் கொடுக்கிற வரைக்கும் விடமாட்டார்கள். டர்னர் அண்ணன் மட்டும் கேட்கவே இல்லை. கொடுத்தபோது வாங்கி உற்றுப் பார்த்துவிட்டு, "கண்ணாடி இல்லாம எடுத்திருக்கலாம்" என்றார். கண்ணாடி அவர் கையில்தான் இருந்தது படத்தில். சொன்னேன். "அப்ப சரி" என்றார்.

இதில் நான் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது வெளிச்சக் கணக்கு. டிஜிட்டலில் வெளுப்பைக் காப்பாற்ற வேண்டும். வானமோ கொக்கின் முதுகோ ஒரேயடியாக வெளுத்துவிட்டால் அங்கே ஒன்றுமே இல்லை, திரும்பி வராது. அதனால் கொஞ்சம் குறைத்தே எடுத்துப் பழகியிருந்தேன். நெகட்டிவ் ஃபிலிமுக்கு நிழல்தான் முக்கியம். நிழலில் வெளிச்சம் பதியாவிட்டால் அங்கே வெறும் பிளாஸ்டிக். வெளுப்போ எவ்வளவோ தாங்கும். "இருட்டைப் பார்த்து மீட்டர் வைங்க தம்பி, வெள்ளை அதுபாட்டுக்கு வரும்" என்று ஸ்டுடியோ அண்ணன் சொன்னதுதான் மொத்தப் பாடம்.

இதன் ருசி தெரிந்தது பவுண்டரியில். எங்களுக்குக் காஸ்டிங் வருகிற இடம். உருகிய இரும்பை அச்சில் ஊற்றும் நேரத்துக்குப் போய் நின்றேன். முன்பு டி500-ல் அங்கே எடுத்த படங்களில் இரும்பு ஊற்றும் தாரை ஒரு வெள்ளை ஓட்டை மாதிரி இருக்கும், கத்தரியால் வெட்டி எடுத்தது போல. எச்பி5-ல் அபர்ச்சர் எஃப் 2, ஸ்பீடு 1/60 வைத்து, ஊற்றுகிறவரின் முகத்துக்கு மீட்டர் பார்த்து எடுத்தேன். தாரை வெள்ளைதான், ஆனால் ஓரத்தில் படிப்படியாக இறங்கி, புகையில் கரைந்து, அவருடைய முழங்கையில் வந்து சேர்கிறது. வியர்வையும் தெரிகிறது, அடியில் மணலும் தெரிகிறது. அந்த ரோலில் எனக்குப் பிடித்த படம் இன்றைக்கும் அதுதான்.

அப்புறம் கழுவுகிற வேலை. வெளியே கொடுத்தால் அனுப்பி, கழுவி, ஸ்கேன் வர நாளாகிறது, காசும் ஏறுகிறது. ஸ்டுடியோ அண்ணனிடமிருந்த, ஃபிலிம் கழுவுகிற பழைய டேங்கை வாங்கி வந்தேன். கருப்புப் பைக்குள் கையை விட்டு, கண்ணால் பார்க்காமல் ஃபிலிமைச் சுருளில் ஏற்ற வேண்டும். வெயில் காலத்தில் பைக்குள் கை வியர்த்து ஃபிலிம் பாதி வழியில் ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு இழுக்கக்கூடாது. கையை வெளியே எடுக்கவும் முடியாது. காலிங் பெல் அடித்தால் அடிக்கட்டும்.

டெவலப்பர், அதாவது ஃபிலிமில் படத்தை எழுப்புகிற மருந்து, டி-76. 1927-ல் கோடாக் கொண்டுவந்த சூத்திரம், இன்னும் பொடியாகக் கிடைக்கிறது. எச்பி5-க்கு 20 டிகிரியில் ஏழரை நிமிஷம் என்று அட்டவணை சொல்கிறது. இங்கிலாந்துக்காரன் குழாயைத் திறந்தால் 20 டிகிரி வருமோ என்னவோ, சித்திரையில் எங்கள் மாடி டேங்க் தண்ணீர் குளிக்கவே சுடும். ஐஸ் கட்டி போட்ட பேசினுக்குள் டெவலப்பர் பாட்டிலை நிறுத்தி, பட்டறை தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு இறங்குகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பேன். 24 டிகிரிக்கு வந்தால் போதும் என்று விட்டுவிடுவதும் உண்டு. அப்போது நேரம் ஐந்தரை நிமிஷத்துக்குள் சுருங்கிவிடும். அதற்கு மேல் சூடு போனால் நேரம் ரொம்பக் குறைந்து, ஊற்றவும் வடிக்கவும் ஆகிற செகண்டுகளே படத்தைத் திட்டுத்திட்டாக்கிவிடும்.

அலசுவதற்கு எந்தத் தண்ணீர் என்பது அடுத்த பிரச்சினை. கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் புரியும். போர் தண்ணியில் அலசிக் காயப்போட்டால் ஃபிலிம் முழுக்கச் சுண்ணாம்புப் பொட்டு. நல்ல தண்ணியில் அலசினால் பளிச்சென்று காய்கிறது. "குடிக்கிற தண்ணியை ஃபிலிமுக்கு ஊத்தறீங்க" என்று வீட்டில் பேச்சு வாங்குகிறேன். அதனால் முதல் அலசல்கள் எல்லாம் உப்புத் தண்ணி, கடைசி இரண்டு மட்டும் நல்ல தண்ணி என்று ஒரு சமாதான உடன்படிக்கை.

ஹைப்போ பற்றி ஒரு கிளைக்கதை. வெளிச்சம் படாத வெள்ளி உப்பையெல்லாம் ஃபிலிமிலிருந்து கரைத்து எடுப்பது இதுதான். ஆக, பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி இருக்கிறது. அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்களிலும் எக்ஸ்ரே லேபுகளிலும் பழைய ஹைப்போவைக் காசு கொடுத்து வாங்கிப் போக ஆள் வருவார்களாம். அதில் இரும்பைப் போட்டால் இரும்பு கரைந்து வெள்ளி வெளியே வந்து படியும். எங்களிடம் இரும்புச் சுருளுக்கா பஞ்சம்? லேத்தில் கடையும்போது விழுகிற மெல்லிய இரும்புச் சுருளை எண்ணெய் போகக் கழுவி ஒரு கேனில் போட்டு அதில் ஊற்றி வைத்திருக்கிறேன். அடியில் கருப்பாகச் சேறு சேர்கிறது. அதுதான் வெள்ளி. என் மகளுக்கு அதில் கொலுசு செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த வேகத்தில் போனால் அவளுடைய பேத்திக்கு ஒரு சலங்கை முத்து தேறலாம்.

கழுவி முடித்து, சுருளைப் பிரித்து, பாத்ரூம் கம்பியில் துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். நான் சொல்ல வந்தது இந்தப் பட்டையைப் பற்றித்தான்.

ஃபிலிமில் எடுத்தால் பொறுமை வரும், ஆத்மா இருக்கும் என்றெல்லாம் எழுதுகிறார்கள். பொறுமை வேண்டுமென்றால் பட்டறையில் கரண்ட் போகும்போது வேண்டிய மட்டும் கிடைக்கிறது. குருணை குருணையாகத் தெரிவதுதான் அழகு என்பதும் எனக்கு ஒட்டவில்லை. அதைப் போனிலேயே ஒரு ஃபில்டர் போட்டு வாங்கலாம். எனக்குக் கிடைத்தது வேறு. அந்தப் பட்டையில் எதையும் என்னால் பிரிக்க முடியாது. ஏழாவது படம் நன்றாக இருந்து எட்டாவது ஆடியிருந்தால், எட்டு ஏழுக்குப் பக்கத்திலேயே இருக்கும். வெட்டி எறிந்தால் ஏழும் போகும். காலையில் பட்டறைத் திறப்பு, பத்து மணி டீ, நடுவில் யாரோ குறுக்கே வந்து பாதி மறைத்தது, பவுண்டரி, திரும்பி வரும்போது லாரிக்குப் பின்னால் நின்ற ஆடு, எல்லாம் நடந்த வரிசையில் நிற்கிறது. அந்த ஆட்டுப் படம் ஒரு படமே இல்லை. டிஜிட்டலாக இருந்தால் முதல் சுற்றிலேயே போயிருக்கும். ஆனால் ஆட்டுக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று பார்க்கும்போது அந்த நாள் முழுசாக வந்து நிற்கிறது. என் பறவைப் படங்கள் பத்து வருஷத்துக்கு இருக்கின்றன. ஒன்றைப் பார்த்தால் அன்றைக்கு யார் கூட வந்தார்கள், எங்கே சாப்பிட்டோம் என்று எதுவும் ஞாபகம் வருவதில்லை. தேறியவை மட்டும் மிஞ்சியதால் சுற்றுப்புறம் போய்விட்டது.

ஒரு ரோலின் முப்பத்தாறு படத்தையும் ஆறு ஆறாக வெட்டி, காகித உறையில் போட்டு, தேதி எழுதி வைக்கிறேன். ரிஜெக்ட் தட்டு கிடையாது. ஒரு மனிதன் ராத்திரியில் வேறென்ன கேட்கிறான்.

நெகட்டிவை நகல் எடுக்க டி500-ஐயே பயன்படுத்துகிறேன், பறவை இல்லாத நாட்களில். கீழே எல்இடி பலகை, நடுவில் நெகட்டிவ், மேலே மேக்ரோ லென்ஸ். ஃபிலிம் ஹோல்டர் கடையில் வாங்கவில்லை. அலுமினியத் துண்டில் நானே மில்லிங் போட்டேன்; பாதை 35 மில்லிமீட்டருக்கு ஒரு முடி கூட, சன்னல் மட்டும் 24-க்கு 36 இல்லாமல் கொஞ்சம் பெரிதாக. ஓரத்தில் ஃபிலிமின் பெயரும் எண்ணும் தெரிய வேண்டும் எனக்கு. அப்போது ஒரு வேடிக்கை. ஒரு ஃபிரேமுக்கு ஃபிலிம் ஓரத்தில் எட்டுத் துளை, துளைக்குத் துளை 4.75 மில்லிமீட்டர், ஆக ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு 38 மில்லிமீட்டர் வரவேண்டும். வெர்னியர் வைத்து என் நெகட்டிவை அளந்தேன். இத்தனை வருஷம் கல்யாணம் கல்யாணமாக உழைத்த கேமரா அது. இடைவெளியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. டர்னர் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் ஒரு தடவை வெர்னியரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்.

செலவு இல்லாமல் இல்லை. ரோல் ஆயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. ஒரு தட்டு தட்டினால் டீயும் வடையும் போனது. இந்தக் கணக்கை ஸ்டுடியோ அண்ணனிடம் சொன்னால் சிரிக்கிறார். அவர் காலத்துக் கல்யாணத்துக்கு மூன்று ரோல்தான் கணக்காம். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோலில் ஐந்தாறு படம் மிச்சம் இருந்தாலும் கழற்றிப் புது ரோல் போட்டுவிடுவாராம். தாலி ஏறும்போது ரோல் முடிந்தால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களை யார் சமாளிப்பது? கழற்றுவதற்கு முன் மிச்சமான அந்த ஐந்தாறில் பந்தி நடக்கிற இடத்தையும் சமையல்காரரையும் பந்தலில் தூங்குகிற குழந்தையையும் எடுப்பாராம். "அதுதாங்க ஆல்பத்துல நின்னது. தாலி கட்டற போட்டோ எல்லா வீட்லயும் ஒரே மாதிரிதான."

கருப்பு வெள்ளையில் அவர் அதிகம் ஓட்டியது 'இந்து' ரோல். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம், 1960-ல் தொடங்கியது, அங்கே செய்த சரக்கு. ரோல், பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் வந்தது. ஆலை இருந்த இடத்துக்கே இந்துநகர் என்றுதான் பெயர். கோயம்புத்தூரிலிருந்து மலை ஏறினால் வந்துவிடும் தூரத்தில் ஃபிலிம் செய்த ஊர் இருந்திருக்கிறது, நான் ஊட்டிக்குப் போனபோதெல்லாம் பூங்காவையும் படகையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். ஆலை இப்போது மூடிக் கிடக்கிறது. அண்ணன் பீரோவில் ஒரு இந்து பேப்பர் பெட்டி இருக்கிறது, பிரிக்காதது. தேதி எப்போதோ முடிந்துவிட்டது. விற்கமாட்டார், கேட்டுப் பார்த்துவிட்டேன்.

பறவையை விடவில்லை. அதற்கு டி500-தான், செகண்டுக்கு 10-தான், ராத்திரி பதினொன்று வரை கழிப்பதும்தான். அதில் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இப்போதைய தலைவலி என்லார்ஜர், நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக்கிப் பதிக்கிற கருவி. அண்ணன் தருகிறேன் என்கிறார், இடம் இருந்தால் எடுத்துக்கொண்டு போகச் சொல்லி. வீட்டு பாத்ரூமுக்கு அனுமதி இல்லை, அந்தப் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது. பட்டறைக்குப் பின்னால் ஸ்டோர் ரூமை இருட்டாக்கிவிடலாம், ஜன்னலே கிடையாது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் பவர் பிரஸ் ஓட்டுகிறார்கள். பிரஸ் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் தரை அதிருகிறது. பேப்பருக்கு 15, 20 செகண்ட் வெளிச்சம் காட்டுகிற நேரத்தில் என்லார்ஜர் தலை ஒரு முடி அளவுகூட அசையக்கூடாது. பிரஸ்காரருக்கு ஞாயிறும் ஓவர்டைம். மோட்டாருக்கு அடியில் வைக்கிற ரப்பர் பேட் நாலு வாங்கி, மேலே மட்டம் பார்க்கிற கனமான ஒரு பழைய சர்ஃபேஸ் பிளேட்டை வைத்து, அதன் மேல் என்லார்ஜரை நிறுத்தலாம் என்று ஒரு யோசனை. சர்ஃபேஸ் பிளேட்டைத் தூக்க நாலு ஆள் வேண்டும். இந்த மாதிரி அதிர்வோடு மல்லுக்கட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ரப்பர் போதுமா, அடியில் மணல் பெட்டியும் கட்ட வேண்டுமா என்று.